மாதனூர் மாடியில் இரண்டு விநாடி

வானியல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு கேள்விகள் வரும். மழை எப்போது வரும் என்பது முதல் கேள்வி. ராத்திரியெல்லாம் தூங்காமல் எப்படி இருக்கிறாய் என்பது இரண்டாவது. மழையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி நன்றாகவே தூங்குகிறேன்.

பூமியின் அந்தப் பக்கத்தில் ஒரு வறண்ட மலையின் மேல் பெரிய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. யாரும் அதன் பக்கத்தில் நின்று கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. அது வானத்தைக் கட்டம் கட்டமாகப் படம் எடுத்துக்கொண்டே போகும், சில நாள் கழித்து அதே கட்டத்துக்குத் திரும்பி வரும். அங்கே ராத்திரி என்றால் இங்கே பகல். பெங்களூரில் காலை காபியோடு உட்கார்ந்து அந்தப் படங்களை இறக்கி, முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஏதாவது புள்ளி இருக்கிறதா, இருந்த புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நகர்ந்தால் பெரும்பாலும் சிறுகோள். பல நேரம் கேமராவின் கோளாறு, இல்லையென்றால் குறுக்கே போன செயற்கைக்கோள். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

இதை ஒருமுறை அக்காவிடம் விளக்கினேன். அக்கா மாதனூரில் இருக்கிறாள். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. வெட்டி வரும் தோல் துண்டுகளை ஒன்றோடொன்று வைத்துத் தைக்கும் லைனில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது தைத்து வருவதைச் சரிபார்க்கிறாள்.

"அப்போ நீயும் செக்கிங்தான் பண்றே," என்றாள். "பீஸ் வருது, பாக்கறே, ரிஜெக்ட் பண்றே. இதுக்கா இத்தினி வருஷம் படிச்சே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுத்துச் சொல்லவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் குழு வெகுநாளாகக் கவனித்து வந்த சிறுகோள் ஒன்று உண்டு. எத்தனை பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அது ஒரு புள்ளிதான். அதன் உருவம் தெரியாது. உருண்டையா, நீளமா, இரண்டு கல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, எதுவும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு குறுக்குவழி உண்டு. சில நேரம் அது ஒரு நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே வந்துவிடும். அப்போது அந்த நட்சத்திர வெளிச்சத்தில் அதன் நிழல் பூமியின் மேல் ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்குள் நிற்பவர்களுக்கு நட்சத்திரம் ஒரு நொடி, இரண்டு நொடி காணாமல் போகும். வெளியே நிற்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காது. பட்டைக்குள் நாலைந்து இடத்தில் சின்னத் தொலைநோக்கிகளோடு நின்று, எங்கே எப்போது மறைந்தது, எப்போது திரும்பி வந்தது என்று குறித்துக்கொண்டால், அந்தக் கோடுகளை அடுக்கி நிழலின் வடிவத்தை வரைந்துவிடலாம். நிழலின் வடிவம்தான் கல்லின் வடிவம்.

நட்சத்திரங்களின் இடத்தை இப்போது விண்வெளியில் இருக்கும் கருவிகள் மிக நுட்பமாக அளந்து வைத்திருக்கின்றன. அதனால் நிழல் எந்த ஊரின் மேல் போகும் என்றுகூட முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. அப்படிக் கணக்குப் போட்டு வந்த வரைபடத்தை ஒருநாள் திரையில் திறந்தேன். நீலக் கோடு இரண்டு, நடுவே பட்டை. கடலில் தொடங்கி, கரையேறி, மேற்கே போகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அணைக்கட்டு. ஒடுகத்தூர். மாதனூர்.

உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, அக்கா வீட்டு மேல்.

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நிழல் வருவது பொங்கல் முடிந்த வாரம். மழைக்காலம் போய், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் நாட்கள். நேரமும் நல்ல நேரம், இரவு ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால். குழுவின் தலைமை விஞ்ஞானியை நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். அவரிடம் நானே போய், எங்கள் ஊர், எனக்கு எல்லா இடமும் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மாதனூரில் அக்கா வீட்டு மாடி ஒரு நிலையம். தெற்கே ஒடுகத்தூரில் ஒரு நிலையம். அணைக்கட்டுப் பக்கம் இன்னொரு குழு. வடக்கே ஆந்திராவில் ஒரு குழு, அவர்கள் பட்டையின் விளிம்பில்.

மூன்று நாள் முன்னதாகவே நானும் என்னோடு வேலை செய்யும் இன்னொரு ஆய்வாளரும் மாதனூர் போய்ச் சேர்ந்தோம். அவர் கன்னடக்காரர், என் வயதுதான். தமிழ் கொஞ்சம் வரும். மாதனூர் மாடி அவர் பொறுப்பு, ஒடுகத்தூர் என் பொறுப்பு. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, வேலை நிமித்தம் வெளியூரில் இருப்பவர், வாரக் கடைசியில்தான் வருவார். மகள் கல்லூரி விடுதியில். அக்கா தனியாக இருந்த வீட்டில் திடீரென்று இரண்டு தொலைநோக்கி, இரண்டு முக்காலி, பெட்டி பெட்டியாக ஒயர். மாடியில் தண்ணி டேங்குக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினோம். துணி காயப்போடும் கயிறுகளை அக்காவே அவிழ்த்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கழுத்தில் அடையாள அட்டையோடு நேரே மாடிக்கு வந்துவிடுவாள். முதல் நாள் தொலைநோக்கியின் குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க கண்ணை வெக்கணும்?" என்றாள். கண்ணை வைக்கும் இடத்தில் கேமரா இருந்தது. லேப்டாப்பைக் காட்டினேன். கறுப்புத் திரையில் உப்பைத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"எது?"

காட்டினேன். அடுப்புக் கல் மாதிரி மூன்று புள்ளி, அதற்குக் கீழே மங்கலாக ஒன்று. வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

"இதுவா? இதுக்கா பெங்களூர்லேர்ந்து வந்தீங்க?"

"இது ரெண்டு செகண்டு காணாம போவும்க்கா."

"போய்ட்டு?"

"திரும்பி வந்துரும்."

அக்கா என் சகாவைப் பார்த்தாள். அவர் மிக மரியாதையாக, "நிஜம் அக்கா," என்றார்.

இரண்டாவது நாள் ஒத்திகையின்போது ஒரு குறை தெரிந்தது. மாதனூர் லேப்டாப்பின் பேட்டரி பழசு, எவ்வளவு நேரம் சொருகினாலும் கால்வாசிக்கு மேல் ஏறாது. கரண்ட்டில் சொருகியிருக்கும்வரை நன்றாக ஓடியது. பிடுங்கினால் சில நிமிஷம்தான் தாங்கியது. அந்த மாடல் பேட்டரி ஆம்பூரில் கிடைக்கவில்லை. சரி, எதற்கும் ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று, நிகழ்வு நாளன்று மதியம் என் சகா வேலூருக்குக் கிளம்பினார். நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்றார். நான் என் பெட்டிகளோடு ஒடுகத்தூருக்குக் கிளம்பினேன்.

ஒடுகத்தூரில் மாமாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறார். மினி லாரி ஓட்டுகிறார், கொஞ்சம் நிலமும் உண்டு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்து வெறுமையாகக் கிடந்த கொல்லை நிலத்தில் எனக்கு இடம் கொடுத்தார். மேற்கிலும் தெற்கிலும் மலை. வானத்தில் பஞ்சுத் துணுக்குகூட இல்லை. முக்காலியை ஊன்றி, தொலைநோக்கியை ஏற்றி, ஒயர்களைச் சொருகி முடித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. எல்லாம் கைக்குள் இருக்கிறது என்ற நிம்மதி. அது சாயங்காலம் ஐந்தரை வரை இருந்தது.

ஐந்தரைக்குச் சகாவிடமிருந்து போன்.

"பள்ளிகொண்டாகிட்ட லாரி கவுந்திருக்கு. ரோடு ஃபுல்லா நிக்குது. ஒரு மணி நேரமா பஸ் நகரல."

"இறங்கி நடந்து, முன்னாடி போய் ஏதாவது பிடிங்க."

"இறங்கிட்டேன். நடந்துட்டிருக்கேன். முன்னாடி வண்டியே இல்ல. எல்லாம் பின்னாடிதான் நிக்குது."

அவருக்குப் பின்னால் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் மாதனூருக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் இங்கே ஆளில்லை. நிழல் எனக்காக ஒரு நொடி தாமதிக்கப் போவதில்லை. மற்ற வேலையில் எதுவானாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் உண்டு. இதில் கிடையாது.

ஆறரைக்குக் கம்பெனி பஸ் மாதனூர் வரும். ஆறரைக்கு அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"இப்பதான் எறங்கறேன். இன்னாடி, மூச்சு வாங்குது உனக்கு?"

சொன்னேன். நீதான்க்கா மாடிக்குப் போய்ச் செய்யணும் என்றேன். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வேகமாக நடக்கிறாள் என்று தெரிந்தது.

"நான் இன்னாத்தைக் கண்டேன்? தப்பா எதையாவது அமுக்கிட்டா?"

"நான் லைன்லயே இருக்கேன். ஒண்ணொண்ணா சொல்றேன். நேத்து வெச்ச எடத்துலயே எல்லாம் அப்படியே இருக்கு. கவரை எடுக்கணும், சுச்சு போடணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை. ஆனாலும் அக்கா செய்தாள். பாலிதீன் உறையை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். தொலைநோக்கியின் மோட்டாருக்குத் தனி பேட்டரி, அதைப் போட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தாள், நான் எங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னேன். குழாய் தானாகத் திரும்பியபோது பயந்து போய், "யம்மா, அதுவா சுத்துதுடி," என்றாள். டீகூடக் குடிக்காமல், கம்பெனி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியல. வெள்ளையா கீது."

"இன்னும் வெளிச்சம் போவல. கொஞ்சம் இரு, அக்கா."

அங்கே இருட்டுவதற்கு அக்கா காத்திருந்த அந்த நேரத்தில்தான் இங்கே நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தெற்கு மலைக்கு மேல் ஒரு மேகம். எப்போது வந்தது என்று தெரியவில்லை. பெரிதாகக்கூட இல்லை. மலையின் தோளில் ஒரு துண்டைப் போட்ட மாதிரி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்தது. இருட்ட இருட்ட என் திரையில் நட்சத்திரங்கள் தெளிந்து வந்தன. அந்த மூன்று புள்ளி, கீழே நம்முடைய புள்ளி. கொஞ்ச நேரத்தில் நம்முடையது மங்கியது. பிறகு மூன்றும் மங்கின. பிறகு திரை வெறும் சாம்பல்.

நிலத்துக்காரர் மினி லாரியில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெழல் வர்றது தெரியுது. மேகம் வர்றது தெரியாதாங்க?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம்.

"தெரியாதுங்க."

"வண்டில ஏத்துங்க, அந்தப் பக்கம் போய்டலாம். அங்க வெளுப்பா கீது பாருங்க."

வடக்கே வானம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பிரித்து, ஏற்றி, இறக்கி, மறுபடி நிறுத்தி, வடக்குத் திசை பார்த்துச் சரிசெய்து, அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் வேண்டும். கால் மணி நேரம்தான் இருந்தது. வேண்டாங்க என்றேன். கேமராவை ஓடவிட்டேன், மேகத்தையே படம் எடுத்தாலும் எடுக்கட்டும் என்று. அணைக்கட்டுக் குழுவிலிருந்து ஒரு வரி வந்தது: முழுக்க மூடிவிட்டது. மலையோரம் எங்கும் அதே மேகம்தான்.

மிச்சம் இருந்தது அக்காவின் மாடி மட்டும்.

போனைக் காதில் வைத்தேன். "அக்கா, அங்க மேகம் இருக்கா?"

"மேகமா? ஒண்ணுமே இல்ல. இப்ப தெரியுதுடி. மூணு கல்லும் தெரியுது. கீழ நம்முளுது, லேசா."

நம்முளுது என்றாள்.

பதிவை ஓடவிடச் சொன்னேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கீழே எண்கள் ஓடுகின்றன என்றாள். இனி நீ எதையும் தொட வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்றேன். என் குரல் நிதானமாக இருப்பதாக நினைத்தேன். நிலத்துக்காரர் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஐயோ," என்றாள் அக்கா.

"இன்னாக்கா?"

"கரண்ட் போச்சு."

"லேப்டாப்?"

"அது எரியுது. தெருவே இருட்டாச்சுடி. ஹைவே வரைக்கும் ஒரு லைட்டு இல்ல. ஆனா நட்சத்திரம் நல்லா தெரியுது இப்ப. முன்னைக்கு ஜாஸ்தியா தெரியுது."

உண்மைதான். ஊர் இருண்டால் வானம் தெளியும். மாதனூர் மாடியில் அந்த வாரம் முழுக்க அவ்வளவு நல்ல வானம் கிடைத்திருக்காது.

"மூலையில பேட்டரி படம் இருக்கும் பாரு. எவ்ளோ காட்டுது?"

"இருவத்தி ரெண்டு."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். முடியலாம். முடியாமலும் போகலாம். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லலாமா என்று தோன்றியது. குறைக்கும்போது வேறு எதையாவது அழுத்திப் பதிவு நின்றுபோனால் என்ன செய்வது? சொல்லவில்லை.

"பதினேழு," என்றாள் அக்கா. நான் கேட்காமலேயே சொன்னாள். பிறகு, "பதினாலு." பிறகு அவள் மூச்சு மட்டும். எனக்கு முன்னால் என் சொந்தத் தொலைநோக்கி, பல மாதம் காத்திருந்து கொண்டுவந்தது, மேகத்துக்கு அடியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வடக்கே, மாதனூர் இருக்கும் திசையைப் பார்த்து நின்றேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, இருட்டுதான்.

"எட்டு. திரை மங்குதுடி, தானா மங்குது."

"பரவால்ல. நட்சத்திரத்தை மட்டும் பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன்."

நேரம் வந்தது. என் கையில் இருந்த கடிகாரம் அந்த நொடியைத் தாண்டியது. ஒன்றும் இல்லை. கணக்கு தப்பா என்று நினைக்கும்போதே அக்கா கத்தினாள்.

"போச்சு! போச்சுடி, காணோம்!"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வந்துருச்சு. அதே எடத்துல. வந்துருச்சு பாரு!"

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவள் கல்யாணத்திலோ மகள் பிறந்தபோதோ இருந்திருக்கலாம், அப்போது நான் சின்னவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நின்று ரசிக்க நேரம் இல்லை.

"அக்கா, இப்ப நிறுத்து. அதே சிவப்புப் பொத்தான். சீக்கிரம்."

"இரு. மவுசு... மவுசு நகரல. இரு, நகருது..."



"அக்கா?"

"அணைஞ்சு போச்சு," என்றாள். "நான் ஒண்ணும் பண்ணல. பொத்தான்கிட்ட கொண்டு போனேன். அணைஞ்சு போச்சு."

அந்த மென்பொருள் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். ஆனால் ஒவ்வொரு படமும் எடுத்த நேரத்தைத் தனியாக நினைவில் வைத்திருந்து, நிறுத்து என்று சொன்ன பிறகுதான் மொத்தமாகக் கோப்பின் வாலில் எழுதும். எனக்கு அது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில் அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை. "பரவால்லக்கா, படம் உள்ள இருக்கும்," என்றேன்.

அரை மணி நேரம் கழித்து என் சகா யாரோ முகம் தெரியாதவரின் டூவீலரில், மடியில் யுபிஎஸ் பெட்டியோடு மாதனூர் வந்து சேர்ந்தார். அதற்குள் கரண்ட்டும் வந்துவிட்டிருந்தது. நிலத்துக்காரர் என்னையும் என் பெட்டிகளையும் மினி லாரியில் கொண்டுவந்து விட்டார். நான் போனபோது அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். சகா பக்கத்தில் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சட்டுனு போச்சுடி. மெதுவால்லாம் இல்ல. லைட்டை அணைச்ச மாதிரி. அப்புறம் சட்டுனு வந்துச்சு. நான் பாத்தேன்."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும், நீ பாக்கலயே?"

பெங்களூருக்குத் திரும்பியதும் அந்த லேப்டாப்பைத்தான் முதலில் திறந்தோம். கோப்பு இருந்தது, திறக்க மறுத்தது. மென்பொருள் தெரிந்த நண்பர் ஒருவர் பல நாள் உட்கார்ந்து அதற்குள்ளிருந்து படங்களை மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தார். ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று புள்ளி, கீழே ஒன்று. கொஞ்ச நேரம் எல்லாம் இருக்கின்றன. பிறகு கீழே இருந்தது இல்லை. பிறகு இருக்கிறது. அக்கா சொன்னது மாதிரியேதான்.

ஆனால் எந்தப் படத்துக்கும் நேரம் இல்லை. லேப்டாப்பின் சொந்தக் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பேட்டரி இறங்க இறங்க லேப்டாப் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொண்டு, இடையிடையே படங்களைத் தவறவிட்டிருந்தது. எங்கே எத்தனை தவறின என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் எப்போது மறைந்தது என்பது தெரியவில்லை, எவ்வளவு நேரம் மறைந்தது என்பதும் சரியாகத் தெரியவில்லை.

அக்காவின் போன் எல்லா அழைப்புகளையும் தானாகப் பதிவு செய்துகொள்ளும் போன். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்தப் பதிவை அனுப்பச் சொல்லி வாங்கினேன். இருவத்தி ரெண்டு, பதினேழு, பதினாலு என்று அவள் குரல். போச்சு என்ற சொல் தொடங்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்தேன். அந்தக் காலத்தில் இப்படித்தானே செய்தார்கள், கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, கடிகாரத்தில் குறித்துக்கொண்டார்கள் என்று மேடத்திடம் வாதாடினேன்.

அவர் பதிவை முழுக்கக் கேட்டார். நடுவில் நிறுத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கண் பார்த்து வாய் சொல்ல அரை செகண்டு ஆகும். சிலருக்குக் கூட, சிலருக்குக் கம்மி. போன் கடிகாரம் எவ்வளவு தப்புங்கறது வேற. அந்த அரை செகண்டுல நிழல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்னு உனக்கே தெரியும்."

தெரியும். அந்தக் கல்லின் அகலத்தில் கால் பங்கு.

"அவங்க பார்த்தது உண்மை. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றார். "ஆனா அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நான் என்ன செய்ய?"

ஆந்திராக் குழுவுக்கு வானம் நன்றாக இருந்தது, ஆனால் நட்சத்திரம் மறையவே இல்லை. அவர்கள் பட்டைக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். மலையோரத்தில் எங்கள் இரண்டு நிலையங்களிலும் மேகம். ஆக அன்று நிழலுக்குள் நின்று, கண்ணால் பார்த்த ஒரே ஆள் அக்காதான். எங்கள் அறிக்கையின் அட்டவணையில் மாதனூருக்கு நேரே, மறைப்பு காணப்பட்டது, நேரம் இல்லை என்று ஒரு வரி போட்டோம். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயர் இருக்கிறது. உருவத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அது இன்னமும் புள்ளிதான். இப்போது சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. வெளியே வந்த பிறகு அதன் அடுத்த நிழல்கள் எங்கே விழும் என்று கணக்குப் பார்த்தேன். ஒன்று கடலில். ஒன்று பனிப்பிரதேசத்தில். எங்கள் பக்கம் வருவதாகத் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்குப் போனபோது அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்தப் படங்களையும் ஓடவிட்டுக் காட்டினேன். சமையலறையில் நின்றபடியே பார்த்தாள். மறைந்து வந்ததும், "இன்னொரு வாட்டி போடு," என்றாள். போட்டேன்.

"இதான். இதேதான் பாத்தேன். அப்போ இது போதாதா உங்களுக்கு?"

"நேரம் இல்லக்கா."

"நேரம் இல்லன்னா நடக்காத மாதிரியா?"

"நடந்துச்சு. எப்பன்னு சொல்ல முடியல, அவ்ளோதான்."

அவள் குழம்பை இறக்கி வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"நான் இன்னும் கொஞ்சம் வெரசா மவுசைத் தொட்டிருந்தா?"

இல்லக்கா என்றேன். கரண்ட் போனதற்கு நீ என்ன செய்வாய், பேட்டரி பழசு, லாரி கவிழ்ந்தது, யார் மேலும் தப்பில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. தையல் லைனில் ஒரு பீஸ் கெட்டால் அது யார் கையில் கெட்டது என்று எழுதுவார்கள். யார் கையிலும் கெடாமல் ஒன்று கெட்டுப்போகும் என்பதை அவளை ஏற்கவைக்க என்னால் முடியவில்லை. வேலை முடிந்து வந்தவளை மாடிக்கு ஏற்றி, அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நட்சத்திரத்தைக் காட்டினோம். அதை நாங்கள் மற்ற வேலைகளுக்கு நடுவே மறந்துகொண்டு வருகிறோம். அவளால் முடியவில்லை.

போன வாரம் கம்பெனி சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். பின்னால் தட்டுகளின் சத்தம், பெண்கள் பேசும் சத்தம்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். மகளுக்குப் பரீட்சை நடப்பதைச் சொன்னாள். மாமாவுக்குச் சளி என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏண்டி, அன்னிக்கு அந்த சார்ஜர் சொருகற எடம் லூசா இருந்துச்சோ? நான் கவரை எடுக்கும்போது ஒயர்ல கைப்பட்டுச்சு. அதனால முன்னாடியே சார்ஜு ஏறாம இருந்துச்சோன்னு..."

"இல்லக்கா. நல்லா ஏறிட்டுதான் இருந்துச்சு."

"நிஜமா?"

"நிஜமா."

"அப்போ கரண்ட்டுதான்."

"கரண்ட்டுதான்க்கா."

பெல் அடித்தது. சரி வெக்கறேன் என்று சொல்லிவிட்டு, லைனுக்குப் போய்விட்டாள்.